மூன்றாவது வாளி

சக் ஜண்ட்வால்,
ஹோலா முடிந்த வெள்ளிக்கிழமை.

ஒரே ஆளாக இருந்துகொண்டு தன்னை ஒண்ணேகால் லட்சம் பேர் என்று சொல்லிக்கொள்ளும் என் மெஹ்தாப் வீர்ஜிக்கு, எத்தனை தடவை எண்ணினாலும் ஒருத்தியாகவே இருக்கிற தங்கை ஜப்லீன் கைகூப்பி எழுதுவது. குருவின் அருளால் நீயும் உன் குதிரையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது.

செல்போனைக் கால்வாயில் வீசிவிட்டு, நீல உடையும் வாளுமாகத் திரிகிற நிஹாங் சிங்குகளோடு குதிரை ஏறிப் போனவன் நீ. அதனால் எனக்குக் காகிதம்தான் கதி. ஃபௌஜி சாச்சாவின் மருமகன் நாந்தேட் வழியாக உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறான். உங்கள் கூடாரம் எங்கே என்று விசாரித்து உன் கையிலேயே கொடுப்பேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். கடிதத்தில் மண் ஒட்டியிருந்தால் அது கிழங்கின் குற்றம், என்னுடையது அல்ல.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, ஊரே ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற நம் குருத்வாரா லங்கரில், பாபுஜி சமைத்த கறுப்பு உளுந்துப் பருப்பில், ஆட்டு எலும்பு வந்தது. வேண்டுமானால் இன்னொரு தடவை படித்துக்கொள். நான் இத்தனை நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் மண்டைக்குள் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முட்டை வாங்கிய பையை நம் வாசலில் ஒரு நிமிஷம் வைத்தால்கூட முகம் சுளிக்கிற பாபுஜி. நீ நீல உடையில் வந்து நின்று, படையில் ஆட்டுக்கறி சாப்பிடுகிறேன் என்று சொன்னதும், "என் அடுப்பு அதுக்கு இல்ல" என்று ஒரே வாக்கியத்தில் உன்னை வாசலோடு அனுப்பிவைத்த பாபுஜி. அவர் பருப்பில்.

ஆனந்த்பூருக்கு ஹோலா திருவிழா பார்க்கப் போகிற நிஹாங் கூட்டம் ஒன்று சனிக்கிழமை நம் ஊரில் தங்கியது. உன் படை இல்லை, வேறு ஒரு சின்னப் படை. குருத்வாராவின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளி மைதானத்தில் குதிரைகளைக் கட்டினார்கள். நான் போகாமல் இருப்பேனா? உன்னை மாதிரியே இவர்களும் ஒரு ஆளை ஒண்ணேகால் லட்சம் என்கிறார்கள், வெங்காயத்தை வெள்ளி என்கிறார்கள், கடலையைப் பாதாம் என்கிறார்கள், மிளகாயைச் சண்டைக்காரி என்கிறார்கள். ஒரு இளம் நிஹாங் என்னிடம், "சண்டைக்காரி ரெண்டு இருந்தா குடு, பீபி" என்றான். "ஒண்ணுதான் இருக்கு, உங்க முன்னாடி நிக்குது" என்றேன். குதிரையே சிரித்த மாதிரி இருந்தது. சாயங்காலம் அவர்கள் ஆடு வெட்டினார்கள், ஒரே வீச்சில், அவர்கள் முறைப்படி. அவர்கள் இடத்தில் வெட்டி, அவர்களுடைய இரும்புப் பாத்திரத்தில் சமைத்தார்கள். சுவர் தாண்டி ஒரு துளி சிந்தவில்லை. இதை இப்போதே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு ஊர் வாய் என்னென்னவோ பேசியது.

பாபுஜி ஞாயிறு லங்கருக்கான தாளிப்பை முந்தின நாளே வதக்கி இரண்டு வாளிகளில் மூடி வைத்திருந்தார். காலையில் அவர் வந்து பார்த்தபோது மூன்று வாளி இருந்தது. நம் சங்கத்தின் வழக்கம் உனக்குத் தெரியும். யார் யாரோ பாலும் நெய்யும் மாவும் கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டுப் போவார்கள். பெயர் சொல்லமாட்டார்கள். நாமும் யார் வைத்தது என்று கேட்கமாட்டோம், கேட்டால் அது கொடுத்தவருக்கு மரியாதை இல்லை. மூன்றாவது வாளியைத் திறந்தார். இஞ்சியும் வெங்காயமும் நெய்யில் சிவந்த குழம்பு மேலே மினுங்கியது. யாரோ நல்ல மனசுக்காரர் என்று நினைத்து மூன்றையும் அண்டாவில் கவிழ்த்துவிட்டார். எச்சில் தெறிக்கக் கூடாது என்று மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார். ஆவியில் மூக்குக்கண்ணாடி வேறு புகைந்திருந்தது. ருசி பார்த்திருந்தாலாவது தெரிந்திருக்கும். குருவுக்குப் படைக்கும் முன் நாக்கில் வைக்கிற ஆளா அவர்? வீர்ஜி, அவர் ஒரு விதியைக்கூட மீறவில்லை. எல்லா விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்ததால்தான் இது நடந்தது.

கிரந்தி பாயிஜி அர்தாஸ் பிரார்த்தனை சொன்னார். கிர்பான் கத்தியால் பருப்பைத் தொட்டுப் படைத்தார். அந்தப் பருப்பைத்தான் நான் வாளியில் எடுத்துக்கொண்டு, "தால் ஜி, தால் ஜி" என்று வரிசையில் ஊற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு நடந்த வேடிக்கையைக் கேள். இல்லை, வேடிக்கை என்று எழுதக் கூடாது, ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. ஊரே இரண்டாம் தடவை கேட்டது. கோழிப்பண்ணை வைத்திருக்கும் நம் கமிட்டித் தலைவர் பிரதான்ஜி, எப்போதும் உப்பு இல்லை, புளி இல்லை என்பவர், தட்டை என் பக்கம் நீட்டி, "இன்னிக்கு உங்கப்பன் கையில ஏதோ இறங்கியிருக்கு" என்றார். ஃபௌஜி சாச்சா மட்டும் ஒன்றும் பேசாமல் மூன்று தடவை வாங்கினார். முதல் வாயிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். "பட்டாளத்துல இருந்தவன் நாக்கு, ஏமாத்த முடியுமா? சொன்னா சோறு போயிடும்னு சும்மா இருந்தேன்" என்றார்.

அந்த எலும்பு யார் தட்டில் விழுந்தது தெரியுமா? மாஸ்டர் விசாக்கி ராம் தட்டில். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர்ஜி. ஊர் இந்துக்களில் ஞாயிறு தவறாமல் நம் வரிசையில் வந்து உட்காருகிறவர், பிறந்ததிலிருந்து கறி தொடாதவர். நான்தான் ஊற்றினேன். டக் என்று சத்தம் கேட்டது. முதலில் கல் என்று நினைத்து விரலால் எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜப்லீன், இது கல் இல்லம்மா" என்று என்னிடம்தான் சொன்னார், மெதுவாக, வகுப்பில் தப்பான விடையைக் காட்டுகிற அதே குரலில். அப்புறம் எழுந்தார். வரிசையில் எல்லாரும் முடிக்கும் முன் ஒருவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை. குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார், கொப்பளித்தார், கொப்பளித்துக்கொண்டே இருந்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

அப்புறம் பிரதான்ஜியின் குரல் கேட்டது. "வேற யாரு, இவ வேலைதான். போன வைசாக்கிக்கு ரொட்டிக் கூடையில ரப்பர் பல்லி போட்டவ யாரு?" அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. ரப்பர் பல்லி நான்தான், மறுக்கவில்லை. ஆனால் பல்லிக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா இவர்களுக்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பாபுஜி சமையலறையிலிருந்து வந்து நின்றார். வாயில் கட்டிய துணியை அவிழ்க்கவில்லை. கையில் அந்தப் பெரிய கரண்டி. என்னைப் பார்த்து "நீயா?" என்றார்.

எலும்பைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை, வீர்ஜி. இரண்டே எழுத்து. என் காதுக்குள் குதிரை ஓடியது.

இல்லை என்று சொல்லத்தான் திரும்பினேன். அப்போது பெண்கள் பக்கத்தில் மம்மியின் முகம் கண்ணில் பட்டது. பிசைந்த மாவு மாதிரி வெளுத்திருந்தது. அவள் என்னையும் பார்க்கவில்லை, பாபுஜியையும் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் காலியாகக் கிடந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அதே மாதிரி ஒரு வாளியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் போனவள் அவள். பூண்டு உரிக்கப் போகிறேன் என்று பாபுஜியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் வாய் என்னைக் கேட்காமலே, "ஆமா, நான்தான்" என்றது.

பாபுஜி என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கரண்டியைத் தரையில் வைத்தார். வைத்தார் என்றால், தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்தார். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து அந்தக் கரண்டியைப் பிடித்தவர். வயலில் என்ன நஷ்டம் வந்தாலும், நீ போன அன்றைக்கும்கூட, ஞாயிறு காலையில் அந்தக் கரண்டியைப் பிடித்ததும் நிமிர்ந்துவிடுவார். அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே நடந்தார்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. கூடம் நிறைந்து வாசல் வரைக்கும் ஆட்கள். கரண்டியை யார் கையில் கொடுப்பது என்பதுதான் பேச்சு. பெற்ற பெண்ணையே அடக்கத் தெரியாதவர் லங்கரை எப்படி நடத்துவார் என்று பிரதான்ஜி கேட்டார். தன் மச்சினன் தயாராக இருப்பதாகவும் கூடவே சொன்னார். ஃபௌஜி சாச்சா எழுந்து, "இருங்க. விடியகாலையில இங்க வாசலுக்கு ஒரு நிஹாங் பையன் மூடின வாளியோட வந்தான். ஆனந்த்பூர் கிளம்புற அவசரம். மாதாஜிகிட்ட குடுத்துடுங்கன்னு சொன்னான். எந்த மாதாஜின்னு எனக்கென்ன தெரியும்? உள்ள வைப்பான்னேன். இந்தப் பொண்ணு பொய் சொல்லுது" என்றார். எந்த மாதாஜி, எந்த மாதாஜி என்று கூட்டம் முணுமுணுத்தது.

அப்போது மம்மி எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். "நான்தான் போனேன். வெண்ணெய் கொண்டு போனேன். என் பையனப் பத்தி ஏதாவது தெரியுமான்னு கேக்கப் போனேன். ஒரு தாய் குடுத்த வாளிய வெறுமனே திருப்பக் கூடாதுன்னு அவங்க சாப்பாட்டுல பங்கு வச்சு அனுப்பியிருக்காங்க. அவங்க மேல தப்பில்ல. இவ மேலயும் இல்ல. எனக்காகப் பழியத் தலையில போட்டுக்கிட்டா, கழுத." வீர்ஜி, என்னைக் கழுதை என்று ஊர் முன்னால் சொன்னாள். அழுகை வந்துவிட்டது எனக்கு, சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு கூடம் சந்தையாகிவிட்டது. குருவின் வீட்டில் ரத்தமா என்று பிரதான்ஜி நெஞ்சில் கை வைத்தார். "உங்க பண்ணையில என்ன, கோழி கழுத்துல ரோஜாப்பூவா பூக்குது?" என்று ஃபௌஜி சாச்சா கேட்டார். அது வயிற்றுப்பாடு, இது வழிபாடு என்றார் பிரதான்ஜி. குருமார்கள் வேட்டைக்குப் போனார்களே என்று ஒருத்தர் கத்தினார். போனார்கள், அதை லங்கரில் போட்டார்களா என்று இன்னொருத்தர் கத்தினார். ஒரே வீச்சில் வெட்டியதுதானே, நம் மதத்தில் தடையில்லையே என்றது ஒரு பக்கம். அப்படியானால் உங்கள் மகள் கல்யாணத்தை லங்கரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மண்டபச் செலவு மிச்சம் என்றது இன்னொரு பக்கம். கிரந்தி பாயிஜி, "சண்டையை லங்கர்ல படைக்கலாமான்னும் யாராவது சொல்லுங்க" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை.

பாபுஜி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்ததும் ஒவ்வொருவராக அடங்கினார்கள். அவர் பேசியதை ஒரு எழுத்துகூட விடாமல் எழுதுகிறேன். "ஊத்தின கை என்னோடது. அதுக்கு என்ன தண்டனை உண்டோ குடுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். மெஹ்தாப் சாப்பிடறது பாவம்னு இப்ப நான் சொல்லல. முன்ன சொன்னேன். தப்பா இருக்கலாம், எனக்குத் தெரியல. அவங்க பாத்திரத்துல அவங்க என்ன வேணா கொதிக்க வைக்கட்டும். இந்த வரிசையில யார் வேணாலும் வந்து உக்காரணும். பருப்பு ஆகாதுன்னு சொல்றவன் ஊர்ல கிடையாது, அதனாலதான் பருப்பு. இன்னிக்கு ஒருத்தர் பாதியில எழுந்து போயிட்டாரு. அப்ப நான் போட்டது லங்கர் இல்ல. வெறும் சாப்பாடு."

நீ கவனித்தாயா? மெஹ்தாப் என்றார். நீ போனதிலிருந்து "அவன்" என்றுகூடச் சொன்னதில்லை அவர். மம்மி பக்கத்துப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்துத் தீர்ப்பு சொல்லச் சொன்னார்கள். மம்மி குருத்வாரா வாசலில் ஊரார் செருப்பு துடைக்க வேண்டும், அறியாமல் செய்ததற்கு. நானும் துடைக்க வேண்டும், அறிந்தே பொய் சொன்னதற்கு. நியாயம்தான். பிரதான்ஜியின் செருப்பை மட்டும் நான் கூடுதலாகப் பளபளப்பாக்குகிறேன், வழுக்கி விழட்டும் என்று. ஆனால் பாபுஜிக்குச் சொன்னதுதான் நெஞ்சில் இறங்கியது. எழுந்து போன மாஸ்டர்ஜி மறுபடி வந்து வரிசையில் உட்காருகிற நாள் வரை அவர் கரண்டியைத் தொடக் கூடாது. அதுவரை எச்சில் தட்டுகளைக் கழுவ வேண்டும். பாபுஜி தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். ஹோலா வாரம் என்பதால் தினமும் லங்கர், கரண்டி இப்போது பிரதான்ஜியின் மச்சினன் கையில். அவர் பருப்பில் பருப்பைப் பார்க்க வேண்டுமென்றால் படகு விட்டுத்தான் தேட வேண்டும்.

மறுநாளே பாபுஜி மாஸ்டர்ஜி வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கதவைத் திறக்கமாட்டார் என்று பயந்தேன். திறந்தார், கட்டில் போட்டார், டீ கொடுத்தார், எருமை பால் கறக்கிறதா என்றுகூடக் கேட்டார். பாபுஜி கை கூப்பியபடி நின்றார். மாஸ்டர்ஜி சொன்னார், "பக்தாவர் சிங், எனக்குக் கோபம் இல்ல. வேணும்னு செஞ்சது இல்லன்னு தெரியும். ஆனா நான் வந்து உக்காந்தா இனிமே ஒவ்வொரு வாயையும் கிளறிப் பாத்துட்டுத்தான் சாப்பிடுவேன். என் கை தானா அப்படிப் போகும். உங்க தட்டுல கிளறிப் பாத்துச் சாப்பிடறது உங்களுக்கு அவமானம். அந்த அவமானத்த நான் பண்ணமாட்டேன். விட்டுடுங்க." திட்டியிருந்தால் கெஞ்சலாம். இப்படி மரியாதையாக மறுக்கிறவரை எங்கே பிடித்து இழுப்பது? பாபுஜி தினமும் போகிறார். தினமும் டீ கிடைக்கிறது.

வாசல் வரை வந்து வழியனுப்பும்போது மாஸ்டர்ஜி என்னிடம் மட்டும் கேட்டார், "மெஹ்தாப் எப்படி இருக்கான்? பக்கத்துல உக்காந்து என் தட்டுல இருந்து ஊறுகாயத் திருடித் திங்கற பய. அவன் போனப்புறம் ஊறுகாய் தட்டுலயே மிச்சமாகுது."

இனி உன்னைப் பற்றி. சனிக்கிழமை இங்கே தங்கிய படையின் தலைவர் மம்மியிடம் சொன்னதையெல்லாம் அவள் நேற்றுதான் வீட்டில் வாய் திறந்து சொன்னாள். குதிரை உதைத்து உனக்கு விலாவில் அடி பட்டதாமே. கட்டுப் போட்டார்களா, மூச்சு இழுத்தால் வலிக்கிறதா என்று மம்மி கேட்கிறாள். மஞ்சள் போட்டுப் பால் குடிக்கச் சொல்கிறாள். உன் படையில் எவனாவது, எங்கள் முறையில் மஞ்சளுக்கு வேறு பெயர் என்று ஆரம்பித்தால், எந்தப் பெயரானாலும் போட்டுக் குடி.

அவர் இன்னொன்றும் சொன்னாராம். உங்கள் படை சாப்பிட உட்காரும் முன்னால், பசித்தவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று வாசலில் நின்று குரல் கொடுக்கிற வேலை உன்னுடையதாம். யாராவது வந்து உட்கார்ந்த பிறகுதான் நீ உட்காருவாயாம். மம்மி இதைச் சொல்லும்போது பாபுஜி ரொட்டியைப் பிய்த்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை என்றுதான் நினைத்தோம். ரொட்டி முடிந்து, கை கழுவி, துடைத்து, கட்டிலில் போய் உட்கார்ந்த பிறகு கேட்டார். "சத்தமாக் கூப்பிடறானாமா?"

மம்மி, "கடைசிக் குதிரை வரைக்கும் கேக்குமாம்" என்றாள். பாபுஜி தலையை மட்டும் ஆட்டினார்.

வீர்ஜி, எனக்கு விளையாடத் தெரியும், கெஞ்சத் தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன். நாங்கள் எத்தனை பேர் எத்தனை தடவை போனாலும் மாஸ்டர்ஜி டீ கொடுத்து அனுப்பிவிடுவார். நீ வா. அதே நீல உடையில், அதே இரும்போடு வா, யாரும் எதையும் கழற்றச் சொல்லமாட்டார்கள். அவர் வீட்டு வாசலில் நின்று, அங்கே கூப்பிடுகிற மாதிரியே, இங்கே ஒரு தடவை கூப்பிடு. சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருப்பவருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடு.

விலா வலித்தால் கொஞ்சம் மெதுவாகவே கூப்பிடு. பாபுஜிக்குக் கேட்கும்.

உன் உடம்பையும் உன் குதிரையின் காலையும் குரு காக்கட்டும்.

ஊரார் செருப்புகளின் நடுவிலிருந்து,
உன் ஜப்லீன்